கொட்டாங்குச்சிக் கரி கிணற்றுத் தண்ணீரில் எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திருப்பூருக்குக் கிழக்கே நொய்யல் கரையோரம் தோட்டம். கிணற்றுத் தண்ணீரில் பேனா மீட்டரை விட்டால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 3800 காட்டுகிறது. கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் லேசான பழுப்பு நிறமும் தெரிகிறது. வீட்டில் கொட்டாங்குச்சியும் நிலக்கடலை ஓடும் வீணாகக் கிடக்கின்றன. தாவரக் கழிவில் செய்த பயோசார் என்னும் கரி சாயத்தை 98 சதவீதம் நீக்கும் என்று படித்திருக்கிறீர்கள். டிரம்மில் நீங்களே சுட்டு, அதில் வடித்த தண்ணீரைக் குடிக்கலாமா, இல்லாவிட்டால் தென்னைக்காவது பாய்ச்சலாமா என்று கேட்கிறீர்கள். ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. கரி எதைப் பிடிக்கும், ஆய்வகத்தில் பிடித்தது உங்கள் கிணற்றிலும் பிடிக்குமா, வடித்து வரும் தண்ணீர் வாய்க்குப் போகலாமா. தண்ணீர்ப் பரிசோதனையிலும் சாயக்கழிவு சுத்திகரிப்பிலும் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். உங்கள் தண்ணீரின் முழு அறிக்கையை நான் பார்க்கவில்லை; அதனால் உங்கள் கிணற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்த ஒரு மீட்டர் எண்ணையும் நீங்கள் சொன்ன நிறத்தையும் வைத்துத்தான்.

முதலில் உறுதியானதைச் சொல்கிறேன்: 3800 என்ற அந்த எண்ணைக் கரி குறைக்காது. உங்கள் பக்கத்துத் தண்ணீரில் கரைந்திருப்பதில் பெரும்பங்கு சோடியம், குளோரைடு, சல்பேட், அப்புறம் பாறையிலிருந்து வரும் கால்சியமும் மக்னீசியமும். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற, சாயத் தண்ணீரில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ போடுவார்கள். அந்த உப்பு துணியில் தங்காது. சாயம் நூலில் ஏற உதவிவிட்டு அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அதுதான் பல வருடம் நொய்யலில் ஓடி, 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றியுள்ள கிணறுகளில் இறங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவை வெளியே விடாத ஏற்பாட்டோடு அவை திரும்பத் திறந்ததும் நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்தவை. கழிவு நின்றாலும் மண்ணிலும் பாறை இடுக்கிலும் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரம், டிடிஎஸ் 500-க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை போகலாம் என்கிறது. 3800-ஐ 2000-க்குக் கொண்டுவர லிட்டருக்கு 1800 மில்லிகிராம் உப்பை எடுக்க வேண்டும். ஒரு கிராம் கரி 20 மில்லிகிராம் உப்பைப் பிடிக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 90 கிராம் கரி ஆகிறது. 15 லிட்டர் குடத்துக்கு 1350 கிராம். அடுத்த குடத்துக்கு மறுபடி புதுக் கரி. நிஜத்தில் அதுவும் நடக்காது; கரி கால்சியத்தைப் பிடிக்கும்போது தன்னிடம் இருக்கும் பொட்டாசியத்தை விட்டுவிடும், மொத்தத்தில் பெரிய மாற்றம் இருக்காது. புதுக் கரியில் சாம்பல் வேறு இருப்பதால், முதலில் வடியும் தண்ணீரில் மீட்டர் முன்பைவிட அதிகமாகவே காட்டும். இதைப் பார்த்து, மீட்டர் கெட்டுவிட்டதோ என்று ஆய்வகத்துக்கே எடுத்துவந்து கேட்டவர்கள் இருக்கிறார்கள். மீட்டர் சரியாகத்தான் இருந்தது.

சரி, அப்படியானால் கரி எதைத்தான் பிடிக்கும்? காய்ந்த தாவரக் கழிவைக் காற்று அதிகம் படாமல் 300 முதல் 700 டிகிரி வரை சூடாக்கினால், ஆவியாகக்கூடியது எல்லாம் வெளியேறி, எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கரியாக நிற்கும். ஆவி வெளியேறிய இடமெல்லாம் நுண்துளை. எத்தனை டிகிரியில் சுட்டோம் என்பதைப் பொறுத்து அதன் குணமே மாறிவிடும். 400 டிகிரிக்குக் கீழே சுட்ட கரியின் மேற்பரப்பில் ஆக்சிஜன் கலந்த அமிலத் தொகுதிகள் நிறைய மிஞ்சியிருக்கும். காரீயம், செம்பு, காட்மியம் போன்ற உலோகங்களை அவை பற்றிக்கொள்ளும். 600-க்கு மேலே போனால் அந்தத் தொகுதிகள் குறைந்து துளைகள் பெருகும். அந்தக் கரி பூச்சிமருந்து எச்சம், கரைப்பான், நாற்றம் தரும் கரிமப் பொருள்கள் ஆகியவற்றை நன்றாக இழுக்கும். கடையில் விற்கும் ஆக்டிவேட்டட் கார்பன் இதற்கும் ஒரு படி மேலே. 800 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தித் துளைகளை அரித்துப் பெருக்குகிறார்கள். அதில் ஒரு கிராமுக்கு 1000 சதுர மீட்டர் பரப்பு சாதாரணம். வீட்டு டிரம் கரி அதற்கு வெகு கீழே நிற்கும்.

கொட்டாங்குச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் சிறந்தது என்று நினைக்கிறார்கள். ஒரு வகையில் சிறந்ததுதான். கெட்டியானது, எளிதில் பொடியாகாது. அதன் துளைகள் மிகச் சிறியவை, பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறைவு. குளோரின், கரைப்பான் போன்ற சின்ன மூலக்கூறுகளைப் பிடிக்க அது அருமை. தங்கச் சுரங்க ஆலைகளில் சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிடிப்பதும் இதே கொட்டாங்குச்சிக் கார்பன்தான். ஆனால் சாய மூலக்கூறு பருமனானது. துளையின் வாயிலேயே நின்றுவிடும். அதனால்தான் நிறம் நீக்கும் வேலைக்கு, வாய் அகன்ற துளைகள் உள்ள மரக்கரி வகைகளை எடுப்பார்கள்.

இப்போது அந்த 98 சதவீதத்துக்கு வருவோம். அது பெரும்பாலும் பொய்யான எண்ணாக இருக்காது. நானும் கல்லூரிக் காலத்தில் உமிக்கரியை வைத்து அப்படிப்பட்ட எண்களை எடுத்திருக்கிறேன். எப்படி எடுத்தோம் என்பதுதான் விஷயம். காய்ச்சி வடித்த தண்ணீரில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கரைப்போம். குடுவையில் 100 மில்லி ஊற்றி, அரைத்துச் சலித்த கரியைப் போட்டு, இயந்திரத்தில் இரண்டு மணி நேரம் குலுக்குவோம். வடித்தால் தண்ணீர் பளிச்சென்று இருக்கும். மெத்திலீன் நீலம் நேர்மின்னூட்டம் உள்ள சாயம். சாதாரணத் தண்ணீரில் தாவரக் கரியின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். இரண்டும் ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் திருப்பூரில் பருத்திக்கு ஏற்றும் ரியாக்டிவ் சாயங்களில் சல்ஃபோனேட் தொகுதிகள் இருக்கின்றன, அவை எதிர்மின்னூட்டம் உள்ளவை. கரி அவற்றைத் தள்ளிவிடவே பார்க்கும். ரியாக்டிவ் சாயத்திலும் நல்ல பலன் கிடைத்ததாகச் சொல்லும் கட்டுரைகளைக் கவனித்துப் படித்தால், பலவற்றில் தண்ணீரின் பிஎச் அளவை 2-க்கோ 3-க்கோ இறக்கியிருப்பார்கள். எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பு. தோட்டத்துக் கிணற்றில் அதைச் செய்ய முடியாது.

இதை நான் நேரில் பார்த்தது ஒரு சாயப்பட்டறையில், பல வருடம் முன்பு. ஆறு அங்குல பிவிசி குழாய்களை நிறுத்தி, கொட்டாங்குச்சிக் கரியை அரிசி அளவுக்கு உடைத்து நிரப்பி, அடர் சிவப்புச் சாயத் தண்ணீரை மேலிருந்து விட்டோம். முதல் வாளி கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் வந்தது. சுற்றி நின்றவர்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், எனக்கும்தான். சாயங்காலத்துக்குள் ரோஸ் நிறம் எட்டிப் பார்த்தது. மறுநாள் காலை, மேலே ஊற்றியதையும் கீழே வந்ததையும் இரண்டு பீக்கரில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியவில்லை. உப்பு அளவு முதல் வாளியிலிருந்தே மாறவில்லை. அதே கரியைச் சணலுக்கும் கயிற்றுக்கும் ஏற்றும், நேர்மின்னூட்டம் உள்ள பேஸிக் சாயத்தில் போட்டபோது பல நாள் தாங்கியது. கரியின் மேல் தவறில்லை. அதற்குப் பொருந்தாத வேலையை நாங்கள் கொடுத்திருந்தோம்.

உங்கள் கிணற்றுப் பழுப்பு நிறம் சாயம்தானா என்பதே எனக்குச் சந்தேகம். இரும்பு இருந்தாலும் அந்த நிறம் வரும். அப்படியானால் வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் அடியில் துருப்பொடி போலப் படியும். மண்ணின் மக்கிய பொருளாலும் வரலாம். இன்னொன்றும் இருக்கிறது, கேட்க வருத்தமாக இருக்கும். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கங்களில் தேங்காய்த் தொட்டிக்கரி சுடும் இடங்களைச் சுற்றிக் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறுகிறது என்று விவசாயிகள் புகார் எழுப்பியிருக்கிறார்கள். குழியில் மூட்டம் போட்டுச் சுட்டு, தண்ணீர் ஊற்றி அணைக்கும்போது தாரும் ஃபீனால் வகைப் பொருள்களும் அந்தத் தண்ணீரோடு நிலத்தில் இறங்கும். பக்கத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் சுடும்போதும் இதை மனதில் வையுங்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யச் சுடும் கரி, இன்னொரு கிணற்றைக் கெடுத்துவிடக் கூடாது.

மற்ற மாசுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரீயம், செம்பு, காட்மியம் ஆகியவற்றைக் கரி நன்றாகவே பிடிக்கும். காரீயம் சாம்பலில் உள்ள கார்பனேட், பாஸ்பேட்டோடு சேர்ந்து உப்பாகவும் படிந்துவிடும். நைட்ரேட்டைப் பிடிக்காது. ஃப்ளோரைடையும் ஏறக்குறைய பிடிக்காது. எலும்புக்கரி பிடிக்கும், அது அதன் கால்சியம் பாஸ்பேட்டால், கார்பனால் இல்லை. இரண்டையும் குழப்பி, கரி ஃப்ளோரைடை நீக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தக் குழப்பம் பிள்ளைகளின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் விஷயம். ஆர்சனிக்கைப் பிடிக்கக் கரியின் மேல் இரும்பு ஏற்ற வேண்டும். ராணிப்பேட்டைப் பக்கத்துத் தண்ணீரில் இருக்கும் நச்சான குரோமியத்தை (ஆறு இணைதிறன் வடிவம்) கரியால் தீமை குறைந்த மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்ற முடியும், ஆனால் அது வேகமாக நடப்பது அமிலத் தண்ணீரில்தான். கிருமிகளைக் கரி கொல்லாது. ஈரக் கரி வெயிலில் சூடேறிய டப்பாவில் கிடந்தால் அதன் மேலேயே கிருமிகள் குடியேறும். 2009-இல் வந்த டாடா ஸ்வச் வடிகட்டியில் உமிச்சாம்பல் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அதில் கிருமியைக் கொன்றது சாம்பலின் மேல் ஏற்றியிருந்த வெள்ளி நானோ துகள்.

இவ்வளவுக்குப் பிறகும் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் நான் தடுக்க மாட்டேன். கையால் செய்து பார்ப்பதில்தான் இது புரியும். கொட்டாங்குச்சியையும் கடலை ஓட்டையும் கலக்காதீர்கள், இரண்டும் வேகும் நேரம் வேறு. நன்றாகக் காய வையுங்கள். 200 லிட்டர் டிரம்மின் அடியில் சில துளைகள் போட்டு, நிரப்பி, மேலே தீ வையுங்கள். தீ மேலிருந்து கீழே இறங்கும்போது புகை தீயைக் கடந்து எரிந்துவிடும். மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கும்போது துளைகளை மண்ணால் அடைத்து, மூடி போட்டு, மறுநாள் வரை விட்டுவிடுங்கள். புகையைச் சுவாசிக்காதீர்கள். ஆறிய பிறகு ஒரு துண்டை எடுத்துத் தரையில் போட்டால் கணீரென்று சத்தம் வர வேண்டும். உடைத்தால் உள்ளே பழுப்பு தெரியக் கூடாது. பொடியாக்கிக் கையில் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவுங்கள். சுத்தமாகப் போய்விட்டால் நல்ல கரி. பிசுபிசுப்பு நின்று சோப்புப் போட வேண்டியிருந்தால் அதில் தார் இருக்கிறது. அந்தக் கரியைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

நல்ல கரியை உடைத்து, பொடி போகச் சலித்து, நாலைந்து முறை அலசுங்கள். அப்புறம் ஒரே மாதிரி ஐந்து கண்ணாடிப் பாட்டில்களில் ஒவ்வொரு லிட்டர் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் எதுவும் போட வேண்டாம். மற்ற நான்கில் 1, 5, 10, 20 கிராம் கரி. நாள் முழுக்க அவ்வப்போது குலுக்கி, மறுநாள் துணியில் வடித்து, வெள்ளைத் தாளின் மேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். நிறம் படிப்படியாகக் குறைகிறதா என்று கண்ணுக்கே தெரியும். மீட்டரையும் ஒவ்வொன்றிலும் விட்டுப் பாருங்கள். நான் மேலே சொன்னதை நீங்களே எண்ணாகப் பார்ப்பீர்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நிறம் போய்விட்டது என்பதால் தண்ணீர் குடிக்கத் தகுந்தது ஆகிவிடாது. உப்புக்கும் நைட்ரேட்டுக்கும் ஆர்சனிக்குக்கும் நிறமே கிடையாது.

வடித்து முடித்த கரியை என்ன செய்வது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை. கரி மாசை அழிப்பதில்லை, தண்ணீரிலிருந்து எடுத்துத் தன்மேல் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நிரம்பிய கரியில் கொஞ்சம் சுத்தமான தண்ணீரோ வேறு பிஎச் உள்ள தண்ணீரோ போனால், பிடித்ததில் ஒரு பகுதியைத் திருப்பி விட்டுவிடும். சமையலறை, குளியலறைத் தண்ணீரை வடித்த கரியைத் தோட்டத்து மண்ணில் தாராளமாகப் போடலாம். உலோகமோ சாயமோ பிடித்த கரியை மண்ணில் போட்டால், கிணற்றிலிருந்து எடுத்ததைக் கீரைப் பாத்தியில் வைத்ததாகிவிடும். அடுப்பில் எரித்தால் காட்மியம், ஆர்சனிக் போன்றவை புகையோடு போகும். தொழிற்சாலை அளவில் அது அபாயக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற பாதுகாப்பான நிலநிரப்பிடத்துக்குப் போக வேண்டியது.

நிச்சயமாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. அதிக உப்பு உள்ள தண்ணீரில் ரியாக்டிவ் சாயம் கரியில் சற்று நன்றாகவே ஒட்டுவதாகச் சில சோதனைகள் காட்டுகின்றன. கரியும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும் மின்விலக்கலை உப்பு மங்கச் செய்வதால் அப்படி நடக்கலாம். அதே உப்பு உலோகங்களோடு இடத்துக்குப் போட்டி போடும். உங்கள் தண்ணீரில் எது மேலோங்கும் என்பது பாட்டில் சோதனையில்தான் தெரியும். கரி மண்ணில் பல வருடம் கிடந்தால் பிடித்த உலோகத்தை விட்டுவிடுமா என்பதிலும் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. மண்ணுக்கு மண், கரிக்குக் கரி பதில் மாறுகிறது.

குடிக்கிற தண்ணீருக்கு என் யோசனை உங்கள் கூரையில் இருக்கிறது. 100 சதுர மீட்டர் கூரை, வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை, அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 48,000 லிட்டர். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 50 லிட்டர் என்றால் வருடத்துக்கு 18,250 லிட்டர் போதும். 10,000 லிட்டர் தொட்டி ஒன்று கட்டினால் மழையே இல்லாமல் 200 நாள் தாங்கும். முதல் மழைத் தண்ணீரை ஒதுக்கிவிட்டு, ஜல்லி, மணல், நடுவில் நீங்கள் சுட்ட கரி என்று அடுக்கி வடித்து, காய்ச்சிக் குடியுங்கள். கரி நன்றாகச் செய்யும் வேலை இது: இலை தழை நாற்றத்தையும் நிறத்தையும் எடுப்பது. உப்பே இல்லாத தண்ணீரில் அதைக் கரி எளிதாகச் செய்யும். தொட்டி கட்டும் வரைக்கும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரையே நம்புங்கள். ஆர்ஓ வைத்தால் உப்பு குறையும், ஆனால் அது ஒதுக்கித் தள்ளும் கெட்டித் தண்ணீரைத் தோட்டத்தில் விட்டால் மண் இன்னும் கெடும்.

தென்னை உப்பை ஓரளவு தாங்கும் மரம். அதனால் பாய்ச்சுவதை நிறுத்துங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே பார்க்க வேண்டியது மொத்த உப்பைவிடச் சோடியம், கால்சியம், மக்னீசியம் இவற்றின் விகிதம். சோடியம் மிஞ்சினால் மண் இறுகி, தண்ணீர் இறங்காமல் மேலேயே நிற்கும். ஜிப்சம் போட வேண்டி வரும். கரியைத் தொழு உரத்தோடு கலந்து வேர்ப்பகுதியில் போட்டால் ஈரம் நிற்க உதவும், உப்பை எடுக்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மாவட்டத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. டிடிஎஸ், கடினத்தன்மை, சோடியம், குளோரைடு, சல்பேட், நைட்ரேட், ஃப்ளோரைடு, இரும்பு இவற்றோடு காரீயமும் குரோமியமும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். குளிர்பானப் பாட்டில் வேண்டாம், புதுத் தண்ணீர்ப் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை கழுவி, காற்று நிற்காமல் வாய் வரை நிரப்பி மூடுங்கள். உலோகப் பரிசோதனைக்கும் கிருமிப் பரிசோதனைக்கும் அவர்கள் தரும் தனிப் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். எந்தக் கிணறு, எத்தனை அடி, என்ன தேதி என்று பாட்டிலின் மேலேயே எழுதி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அறிக்கை வந்ததும் அந்த எண்களை இங்கே போடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.